மருந்து உண்பதிலும் பேணுதல் வேண்டும்

(ரமளானை முன்னிட்டு, ஷஅபான் மாதத்தில் நமது ஜமாஅத் மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், நமது பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



 



மருந்தைப் பற்றி இமாம் எதற்காகப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்து, அதனால் கேடு விளைந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி ஆவார் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. ஆகவே எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அதைச் சொல்லத் தகுதியானவரிடம் நீங்கள் கேட்பதில்லையே என்ற ஆதங்கத்தைத் தெரிவிக்கவே நிற்கிறேன். மருந்து எழுதித் தருபவர் மருத்துவர். அதை எடுத்துத் தருபவர் மருந்தாளுநர். இந்த இரண்டாமவரை நாம் பலசரக்குக் கடைக்காரரைப் போலக் கருதிவிட்டோம். சீட்டை நீட்டுகிறோம், பையை வாங்குகிறோம், எவ்வளவு தள்ளுபடி என்று கேட்கிறோம். அந்த ஒரு கேள்வியோடு நம் உரையாடல் முடிந்துவிடுகிறது.

அரபியில் மருந்தாளுநரை ‘ஸைதலானீ’ என்றும் ‘ஸைதனானீ’ என்றும் கூறுவர். இச்சொல்லின் மூலம் நம் நாட்டுச் சந்தனமே என்று 11ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பீரூனி தமது மருந்தியல் நூலில் எழுதியுள்ளார். ‘சந்தன்’ என்ற சொல்லே அரபியின் நாவில் உருமாறியதாம். நம் முன்னோர் காலத்தில் சந்தை ஒழுங்கைக் கண்காணிக்கும் ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரி, எடைக்கல்லைச் சோதித்தது போலவே மருந்து வணிகரின் சரக்கில் கலப்படம் உண்டா என்றும் சோதித்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ அவர்கள் எழுதிய கையேட்டில் இதற்கெனவே தனிப் பகுதி உண்டு. மருந்து கொடுப்பதைத் தனிப்பொறுப்புள்ள ஒரு கல்வியாக மதித்த சமுதாயம் இது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரே மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டும். மருந்தை எப்படி உண்பது, எதைத் தவிர்ப்பது என்று நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் அவருடைய கடமை என்று 2015இல் வந்த விதிகள் கூறுகின்றன. எனவே நீங்கள் கேட்பது அவருக்குத் தொந்தரவன்று, உங்கள் உரிமை. கடையில் கூட்டமாக இருந்தால் சற்று ஒதுங்கி நின்று, கூட்டம் குறைந்ததும் கேளுங்கள்.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பெரியவரின் அனுமதி பெற்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம். எழுபதைக் கடந்தவர், ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுபவர். ஒரு நாள் அஸருக்கு ஒளுச் செய்துவிட்டு எழுந்தவர் ஹவ்ளின் ஓரத்திலேயே தலைசுற்றி விழுந்தார். நெற்றியில் ஐந்து தையல். வயதாகிவிட்டது, வெயில் அதிகம் என்று நாம் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தையலுக்கான மருந்து வாங்கச் சென்றபோது, கடைத்தெருவில் உள்ள மருந்தாளுநர் அவருடைய மகனிடம், “பாய், வாப்பா சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், ஒன்றையும் விட வேண்டாம்” என்று கூறியிருக்கிறார்.

பையைக் கொட்டி அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்ததும் விஷயம் வெளிப்பட்டது. உள்ளூர் மருத்துவர் இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார். மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது அங்கிருந்த மருத்துவர் வேறொரு பெயரில் ஒரு மாத்திரை எழுதினார். பெயர்கள் வேறு, அட்டையின் நிறங்கள் வேறு, உள்ளே இருந்த மருந்து ஒன்றே: அம்லோடிபின். பெரியவர் இரண்டையும் தவறாமல் உண்டு வந்தார். அம்மருந்து அளவு கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அவருக்கும் வீங்கியது. வீக்கத்தைக் காட்ட மூன்றாவது மருத்துவரிடம் போனார்கள். முதல் இரண்டு மாத்திரைகளைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் வீக்கம் வடிய நீர் மாத்திரை கொடுத்தார். நீரும் இறங்கி, அழுத்தமும் இறங்கி, குனிந்து நிமிர்ந்த வேளையில் தலை சுற்றிவிட்டது. மூவரில் எவர் மீதும் குறை கூற இடமில்லை. ஒவ்வொருவரும் தம்மிடம் சொல்லப்பட்டதற்கு ஏற்பவே எழுதினர். மூன்று சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த முதல் மனிதர் அந்த மருந்தாளுநர்தாம். அவர் எதையும் தாமாக நிறுத்தவில்லை. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, உள்ளூர் மருத்துவரிடம் காட்டுமாறு அனுப்பினார். மருத்துவர் இரண்டு மாத்திரைகளை நீக்கினார். இன்று அப்பெரியவர் முன் ஸஃப்பில் நிற்கிறார், அல்ஹம்து லில்லாஹ்.

ஆகவே அன்பர்களே, அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே இருப்பதே மருந்தின் பெயர். அம்லாங், ஸ்டாம்லோ, அம்லோகைண்ட் ஆகிய மூன்றும் அம்லோடிபினே. டோலோ, கால்பால், க்ரோசின், வளைகுடாவிலிருந்து நம் பிள்ளைகள் பெட்டி பெட்டியாக அனுப்பும் பனடோல் ஆகிய நான்கும் பாராசிட்டமாலே. ‘வெளிநாட்டு மாத்திரை வேறு, நம்மூர் மாத்திரை வேறு’ என்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் நம்மில் உள்ளனர். சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்துள்ளது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு உண்டாலே அந்த வரம்பின் விளிம்பு வந்துவிடும். கல்லீரல் பழுதுற்றவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு.

குழந்தைகளின் விஷயத்தில் தாய்மார்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காய்ச்சலுக்கான சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம்தான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி புகட்டினால் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போய்விடும். சிரப்பிலேயே 250 மில்லிகிராம் கொண்டதும் உண்டு. ஆதலால் ‘போன முறை கொடுத்த அதே ஒரு மூடி’ என்ற கணக்கு ஆகாது. அடுப்பங்கரைக் கரண்டியும் ஆகாது. புட்டியோடு வரும் அளவு மூடியில் எந்தக் கோடு வரை என்று கடையிலேயே பேனாவால் அடையாளம் இட்டுத் தரச் சொல்லுங்கள்.

இனி, என்னிடம் கொண்டு வரப்படும் சில விஷயங்களுக்கு வருகிறேன்.

வளைகுடாவிலிருந்து வந்த மருந்துப் பெட்டியில் அரபி எழுத்து இருப்பதால், ஹழ்ரத் படித்துச் சொல்வார் என்று என்னிடம் எடுத்து வருகிறார்கள். ‘நாளொன்றுக்கு மூன்று வேளை’ என்று அதில் எழுதியிருப்பதை என்னால் படிக்க முடியும். உங்கள் சிறுநீரகத்திற்கு அது மூன்று வேளை தாங்குமா என்பது நான் ஓதிய எந்தக் கிதாபிலும் இல்லை. பெட்டியில் மருந்தின் ஆங்கிலப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். மருந்தாளுநர் அதைப் பார்த்துச் சொல்வார். அரபி எழுத்து இருப்பதால் மட்டும் ஒரு மருந்துக்கு பரக்கத் வந்துவிடாது.

அடுத்து, கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டதோ என்ற ஐயத்தால், உறையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளிருப்பதைத் தேனில் குழைத்து உண்பவர்கள் உள்ளனர். அவர்களுடைய பேணுதலை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவை அறிந்து கொள்ளுங்கள். அல்சருக்கான ஓமெப்ரசோல் கேப்ஸ்யூலின் உள்ளே இருப்பவை இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் குடலில் சென்று கரைவதற்காகப் பூச்சு இடப்பட்ட சிறு மணிகள். அவற்றை அரைத்தாலோ கடித்தாலோ மருந்து வயிற்றிலேயே வீணாகும். மாத்திரைப் பெயரின் பின்னால் ‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ என்று இருந்தால் அது நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைவதற்கென அமைந்தது. அதைப் பொடி செய்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலக்கும். முதியவரால் விழுங்க முடியவில்லை என்று உரலில் இடிக்கும் மருமகள்மார் இதனைக் குறித்துக் கொள்க. உறையைப் பற்றிய ஐயம் இருப்பின், தாவரப் பொருளால் ஆன உறையிலோ மாத்திரை வடிவிலோ அதே மருந்து உண்டா என்று மருந்தாளுநரைக் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்புக்கும் இதே வழிதான். மாற்றே கிடைக்காதபோது மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை என்னிடம் கேளுங்கள், அதற்கு நான் இருக்கிறேன்.

கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிமொழிகளில் நாம் ஓதியிருக்கிறோம். அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் கருஞ்சீரகம் தொடங்கிவிட்டேன், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று ஒரு சகோதரர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு அச்சமே உண்டாயிற்று. மருந்து செய்யுங்கள் என்றும் சொன்னவர்கள் அதே நாயகம் (ஸல்) அவர்களே அல்லவா? கருஞ்சீரகத்தை அதிக அளவில் தொடர்ந்து உண்டால் அதுவும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. எனவே லேகியம், கஷாயம், பொடி எதுவாயினும், அதுவும் மருந்துப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

மற்றொன்று. வீட்டில் ஒருவர் வஃபாத்தானபின் மீதமுள்ள மருந்துகளை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று பள்ளிக்குக் கொண்டு வருகிறார்கள். நிய்யத் நல்லது. ஆனால் பாதி கிழிந்த அட்டையில் பெயர் இருந்தால் காலாவதித் தேதி இராது, தேதி இருந்தால் பெயர் இராது. குளிர்பதனப் பெட்டியில் இருந்ததா, ஜன்னல் ஓரம் வெயிலில் கிடந்ததா என்று அறிய வழியில்லாத இன்சுலினை எந்த ஏழைக்கு நான் கொடுப்பது? நமக்கு உண்ண மனம் வராததை ஸதகாவாக்குவது முறையன்று. அப்பணத்தை பைத்துல்மாலில் சேருங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் செயல்படுகின்றன. தமிழக அரசும் 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. நிறுவனப் பெயரின்றி விற்கப்படும் அதே மருந்துகள் அங்கே மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இரண்டு மாதம் வாங்கிவிட்டு, விலை தாளாமல் மூன்றாம் மாதம் நிறுத்திவிடும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் உண்டு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்று மருந்தாளுநரிடம் சொல்வதில் எந்த இழிவும் இல்லை. மருத்துவரைக் கலந்து குறைந்த விலை மாற்றுக்கு அவர் வழி சொல்வார்.

அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவரின் சீட்டின்றி உண்ணக் கூடாத மருந்து. பக்கத்து வீட்டாருக்குக் கேட்டது எனக்கும் கேட்கும் என்ற கணக்கு அதில் வேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்துகளைக் காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்துவதும், மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பதும் கூடவே கூடாது. மூட்டு வலிக்கு நீங்களே வாங்கி உண்ணும் வலி மாத்திரை, அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் உண்பவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவருக்கு இரத்தக் கசிவையே உண்டாக்கக்கூடும். முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது. அதைத் தினமும் உண்டு உயிரிழந்தவர்கள் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அம்மருந்து உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்குங்கள்.

பயணம் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. உம்ராவுக்கும் வேலைக்கும் செல்பவரிடம், ‘அங்கே நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், இதைக் கொடுத்து விடுங்கள்’ என்று மருந்துப் பொட்டலத்தைத் திணிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. டிராமடால் போன்ற வலி மாத்திரைகளும், கோடீன் கலந்த இருமல் மருந்தும், சில தூக்க மாத்திரைகளும் வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அத்தகையவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நன்மை என்று எண்ணிப் பொட்டலம் சுமந்தவர் சிறை செல்ல நேரிடும். பிறர் பொருளை வாங்காதீர்கள். உங்களுடையதை அதன் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் அது உறைந்து கெடக்கூடும்.

இப்போது ரமளானுக்கு வருவோம். நமது பகுதியில் நோன்பின் நேரம் ஏறத்தாழ 13 முதல் 14 மணி வரை. மாத்திரை உண்ணக் கிடைப்பது மீதமுள்ள இரவு மட்டுமே. மூன்று வேளை மாத்திரையையும் ஸஹரிலேயே சேர்த்து விழுங்கிவிட்டு நோன்பு வைப்பவர்களை நான் அறிவேன். சர்க்கரை நோயாளிக்கு இதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உணவு இல்லாத வேளையிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அத்தகைய மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றுவதா, ஸஹர் அளவைக் குறைப்பதா, மூன்று வேளை மருந்துக்குப் பதிலாக நீண்ட நேரம் வேலை செய்யும் வேறொன்று உண்டா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் உண்ண வேண்டியது. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளிலிருந்து நான்கு மணி நேர இடைவெளி அதற்குத் தேவை. குறுகிய இரவில் இதை எங்கே பொருத்துவது என்று அட்டவணை போட்டுத் தருவதில் மருந்தாளுநர் வல்லவர். இவையெல்லாம் பிறை பார்த்தபின் செய்யும் வேலையல்ல, அதனாலேயே ஷஅபானில் கூட்டம் போட்டோம்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. தயக்கமின்றிப் பாருங்கள். இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. இன்ஹேலர், கண், மூக்குச் சொட்டு மருந்துகளில் மத்ஹபுக்கு ஏற்பக் கருத்து வேறுபாடு உண்டு, தனியே வந்து கேளுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று காத்திருக்க வேண்டாம். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அளித்தவன் இறைவனே. அவன் அளித்த சலுகையை ஏற்பது பலவீனமன்று. ‘ஹழ்ரத், ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை’ என்று மயங்கி விழுந்த நிலையில் சொல்பவரைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை.

வருகிற ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் இம்மண்டபத்தில் இரு மருந்தாளுநர்கள் வந்து அமர்வார்கள். பெண்களுக்கு மத்ரஸாவின் மேல்மாடியில் ஒரு சகோதரி இருப்பார். வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டிற்கு வந்து தந்தவை, கடையில் நீங்களே வாங்கியவை, வெளிநாட்டிலிருந்து வந்தவை, நாட்டு மருந்து, கண் சொட்டு, தைலம் எதையும் விடாமல், ஒரு பையில் எடுத்து வாருங்கள். மருத்துவர் சீட்டுகளும் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளும் உடன் இருக்கட்டும். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஒரு தாளில் மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எந்த வேளை என்று தமிழில் எழுதித் தருவார்கள். அத்தாளை ஒரு நகல் எடுத்து ஒன்றைச் சட்டைப் பையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். எந்த மாத்திரையையும் அன்றே அங்கேயே நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். மாற்றம் தேவையெனில் உங்கள் மருத்துவருக்கு எழுதித் தருவார்கள். நடக்க இயலாதவர்களின் பெயரை முஅத்தின் அவர்களிடம் இன்றே கொடுத்தால், இளைஞர் அணியினர் வீட்டிற்கு வந்து அழைத்து வருவார்கள்.